நார்மல் என்று பெயர் வைத்த மூச்சு

அன்புள்ள எபிக்கு,

காதில் எந்தக் கருவியும் வைக்காமல் இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கு, தூங்குகிறவனின் நுரையீரலுக்குள் எழுகிற சத்தம் கேட்குமா? இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கல்லூரியில் ஒலியியல் நடத்துகிறவள் நான். சதையையும் எலும்பையும் தோலையும் தாண்டி வெளியே வருவதற்குள் அந்தச் சத்தம் எவ்வளவு தேய்ந்துபோகும் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டே காட்டுவேன். கேட்காது, கேட்கக் கூடாது. ஆனால் போன வாரம் ஒரு மத்தியானம் கரண்ட் போய் ஃபேன் நின்றபோது, ஹாலில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்த உன்னிடமிருந்து எனக்கு அது கேட்டது. மடியில் இருந்த புத்தகத்தை மூடாமல், என் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். நீ மூச்சை உள்ளே இழுத்து முடிக்கிற இடத்தில், ஒவ்வொரு முறையும், மிக மெல்லிதாக ஒரு சரசரப்பு. உன் காதோரம் இருக்கிற முடியை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பார், அந்தச் சத்தம்தான். கரண்ட் வந்தது, ஃபேன் சுற்றியது, பிறகு எதுவும் கேட்கவில்லை.

நீ எழுந்து காபி குடிக்கும்போது, "பாண்டி மாமாகிட்ட ஒரு தடவ முதுகக் காட்டிட்டு வருவமாப்பா?" என்றேன். காரணம் கேட்டாய், சொன்னேன். முதலில் சிரித்தாய். "ஏம்மா, விசாவுக்கு எக்ஸ்ரே எடுத்து நார்மல்னு எழுதியே குடுத்துட்டாங்க. நீ என்ன புதுசா?" என்றாய். "நார்மல்னு எழுதுறது எம்புட்டு லேசுன்னு எனக்குத் தெரியும்" என்றேன். அப்போதுதான் உன் முகம் மாறியது. "நீ அப்பாவ எங்கிட்டத் தேடுறம்மா. நான் ஒண்ணும் உங்க சங்கத்துச் சொத்து இல்ல" என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனாய். அதற்குப் பிறகு நாம் சாப்பாட்டைப் பற்றியும் பெட்டியின் எடையைப் பற்றியும் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த வாரம் நீ கனடா போகிறாய். நாளை ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் மருத்துவர் சங்கக் கூட்டம். அதனால்தான் ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். வாயால் சொன்னால் நீ பாதியில் எழுந்து போவாய், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன்.

நெஞ்சக மருத்துவர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அதன் ஆரம்ப கால வரலாற்றை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருந்தார்கள். பல மாதமாக எழுதாமல் தள்ளிப்போட்டேன். இப்போது எழுதுகிறேன், உனக்கு. நீ சம்மதித்தால் இதையே அவர்களுக்குக் கொடுப்பேன். இல்லாவிட்டால் இது நம் இருவரோடு இருக்கட்டும்.

நீ பிறப்பதற்கு முன்னால் நெஞ்சு நோய் மருத்துவர் என்றால் இந்த ஊரில் 'டி.பி. டாக்டர்' என்றுதான் சொல்வார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் உன் அப்பாவுக்குப் பக்கத்து இலையில் உட்காரத் தயங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் மற்ற மருத்துவர்களும் உண்டு. ஒத்தக்கடையில் ஒரு சின்ன கிளினிக், காலையில் அரசு மருத்துவமனை வேலை, இதுதான் அவருடைய உலகம். மேலூர்ப் பக்கம் கல்குவாரியில் வேலை செய்த ஒருவர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்துகொண்டிருந்தார். அவர் இறந்துபோன செய்தி கேட்டு உன் அப்பா மாலை வாங்கிக்கொண்டு போனார். அங்கே அதே மாதிரி ஒரு மாலையோடு இன்னொரு மருத்துவர் நின்றுகொண்டிருந்தார். அவர்தான் மேலூரில் கிளினிக் வைத்திருந்த பாண்டி மாமா. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே ஆளுக்கு டி.பி. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு இருந்தது டி.பி. இல்லை, நுரையீரல் முழுக்கக் கல் தூசி. செத்த வீட்டு வாசலில் நின்று இதைப் பேசித் தெரிந்துகொண்டார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. பாண்டி மாமாவும் கூடவே வந்திருந்தார். "ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசியிருந்தா ஒருத்தனுக்காவது சந்தேகம் வந்திருக்கும் மாப்ள" என்றார். "அப்ப பேசுறதுக்கு ஒரு இடம் வேணும்" என்றார் உன் அப்பா. "மதுரையில உக்காந்துக்கிட்டு சங்கம் வைக்கிறதுக்கு யாராவது சொல்லியா குடுக்கணும்? வச்சிருவோம்" என்று மாமா சொன்னார். சாவுக்குப் போய் வந்த அன்று யாரும் சிரித்திருக்கக் கூடாது, ஆனால் மூன்று பேரும் சிரித்தோம். கிளினிக்கின் பின்னறையில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு, ஐந்து மருத்துவர்களோடு சங்கம் ஆரம்பமானது.

அந்தக் கூட்டத்துக்கு உன் அப்பா ஒரு முறை வைத்தார். ஒரு பச்சைத் திரையின் நடுவே ஒரு திறப்பு இருக்கும். அதற்குப் பின்னால் நோயாளி ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். பெயர் சொல்லக் கூடாது, ஊர் சொல்லக் கூடாது, எக்ஸ்ரே காட்டக் கூடாது. மருத்துவர்கள் ஒவ்வொருவராகப் போய் அந்த முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்து உட்கார வேண்டும். பெரியவர் ஒருவர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் அதையே கேட்டதாக நினைத்துக்கொள்வார்கள் என்று அவருக்கு பயம். எதையும் லேசில் நம்பாதவளான எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. உன் அப்பா செய்தவற்றில் எனக்கு முழுச் சம்மதமாக இருந்தது அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன்.

கொஞ்ச நாளில் ஒரு தேவை வந்தது. நோயுள்ள மூச்சைக் கேட்பதற்கு முன்னால் நோயில்லாத மூச்சை எல்லோரும் ஒரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும், கச்சேரிக்கு முன்னால் சுருதி சேர்ப்பது போல. அதற்கு ஒரு பதிவு வேண்டும். என் கல்லூரி ஆய்வகத்தில் நல்ல மைக் இருந்தது. ஒரு விடுமுறை நாளில் உன் அப்பாவும் பாண்டி மாமாவும் வந்தார்கள். இதயத் துடிப்பு குறுக்கே விழாத இடமாக, வலது முதுகின் கீழ்ப்பகுதியில் மைக்கை வைத்தேன். "ஆரோக்கியமான ஆளு யாரு இருக்கா? நீயே உக்காரு மாப்ள" என்று மாமா அவரை உட்கார வைத்தார். அவர் நிதானமாக மூச்சு விட்டார். யானைமலைப் பக்கத்திலிருந்து தொலைவில் ஒரு மயில் அகவியது, அதுவும் பதிவில் விழுந்துவிட்டது. திரும்பப் போட்டுக் கேட்டபோது மாமாதான் கேட்டார், "அது என்னய்யா, கடைசியில ஒரு சரசரப்பு?" உன் அப்பா ஹெட்ஃபோனை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "பனியன் உரசுது" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்தப் பதிவுக்கு 'நார்மல்' என்று பெயர் வைத்தார்கள்.

சங்கம் வளர்ந்தது. பின்னறை போதாமல் ஒரு டிபன் கடையின் மாடிக்குப் போனார்கள், பிறகு ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்தளத்துக்கு. சிவகங்கை, திண்டுக்கல், தேனியிலிருந்தெல்லாம் மருத்துவர்கள் பஸ் ஏறி வந்தார்கள். குவாரித் தொழிலாளர்களுக்கு முகாம் போட்டார்கள். டி.பி. டாக்டர் என்று சொன்னவர்கள் அவர்களிடமே தங்கள் பிள்ளைகளின் இழுப்பைக் காட்ட வந்தார்கள். எவ்வளவு பெரிதானபோதும் அந்த முறை மட்டும் மாறவில்லை. கூட்டம் தொடங்கும்போது ஃபேனையெல்லாம் நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மதுரையின் பகல் வெயிலில், வியர்வை வடிய அத்தனை பேரும் அசையாமல் உட்கார்ந்து உன் அப்பாவின் மூச்சைக் கேட்பார்கள். ஒரு தடவை தேநீர் கொண்டுவந்தவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, யாரும் தவறிட்டாகளா?" என்று கேட்டார். உன் அப்பா அந்தக் கதையை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவருக்கு வறட்டு இருமல் வந்தது உனக்கு நினைவிருக்கும். ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை என்றார், வயதாகிறது என்றார். படி ஏறும்போது நடுவில் நின்று போனில் யாரிடமோ பேசுவது போல நடிப்பார். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாகி இறுகிப்போகிற நோய். கீழ்ப்பகுதியில் ஆரம்பித்து மேலே ஏறும். அதற்குப் பெயர் சொல்லத் தெரிந்த அத்தனை பேரும் அவரைச் சுற்றி நின்றார்கள், பெயர் சொல்வதைத் தவிர அன்று யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. அப்போது நீ பள்ளி இறுதியில் இருந்தாய். ஆக்சிஜன் சிலிண்டர் இருந்த அறைக்குள் வராமல் வாசலிலேயே நிற்பாய். அதற்காக உன்னை நான் அன்றும் குறை சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை.

அவர் போன பிறகு ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் குத்துவிளக்கு ஏற்ற என்னை அழைத்தார்கள். முதல் தடவை அழகர்கோவில் சாலையில் ஒரு ஹோட்டலில் கூட்டம். விளக்கை ஏற்றிவிட்டு முன் வரிசையில் உட்கார்ந்தேன். ஏ.சி.யை நிறுத்தினார்கள், விளக்கைக் குறைத்தார்கள். கூடம் முழுக்க ஒலிபெருக்கிகளில் அவர் மூச்சு விட ஆரம்பித்தார். யாரும் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்ல மறந்திருக்கிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது அவருடைய மூச்சாக இல்லாமல் போய் எத்தனையோ நாளாகிவிட்டது. அது 'நார்மல்', அவ்வளவுதான். எனக்கு முன்னால் மேடையில் மாலை போட்ட அவர் படம். நான்கு சுவர்களிலிருந்தும் அவர் மூச்சு. மயில் அகவியபோது இரண்டு மூன்று பேர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரும்பவில்லை.

பிறகு அந்தப் பதிவு கல்லூரிகளுக்குப் போனது, செல்போனில் வந்தது. ஒரு நாள் ஒத்தக்கடையிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் ஒரு மாணவி இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பாட்டுக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவள் போன் திரையில் 'நார்மல்' என்று இருந்தது. மாட்டுத்தாவணி வரை, கண்டக்டரின் விசிலுக்கும் ஹாரனுக்கும் நடுவே, உன் அப்பா அந்தப் பெண்ணின் காதுக்குள் மூச்சு விட்டுக்கொண்டே வந்தார். இறங்கும்போது அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு வீட்டுக்குப் போகும் வழி சில நிமிடம் தெரியவில்லை.

ஆவி, ஆத்மா என்று நான் பேச வரவில்லை. அம்மாச்சி ஜெபித்த அளவுக்கு நான் ஜெபித்ததில்லை என்று உனக்கே தெரியும். நான் சொல்ல வந்தது வேறு, நிச்சயமாக நடந்தது. போன மாதக் கூட்டத்தில் நஸ்ரின் என்று ஒரு இளம் மருத்துவர் புதிதாகச் சேர்ந்தார். மேலூர்ப் பெண், ஆனால் படித்ததெல்லாம் வடக்கே. 'நார்மல்' ஓடி முடிந்ததும் அவர் கையைத் தூக்கி, "சார், தப்பான ஃபைல போட்டுட்டீங்க போல. இது நார்மல் இல்லையே" என்றார். கூடமே சிரித்தது. "ஏத்தா, நாங்க எல்லாரும் இதக் கேட்டுத்தான் டாக்டரானோம்" என்று ஒருவர் கிண்டல் செய்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "நான் இதக் கேட்டு வளரல சார். அதனாலதான் எனக்குக் கேக்குது. மூச்ச இழுத்து முடிக்கிற எடத்துல பாருங்க. இது தழும்பு நோயோட சத்தம். இந்த ஆள் யாரு? இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

பாண்டி மாமா எழுந்து போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். ஹெட்ஃபோனைக் கழற்றியபோது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், எபி. பார்க்காததும் நல்லதுதான். "பனியன்னு சொன்னானே தங்கச்சி" என்றார் என்னிடம். "பனியனக் கழட்டிட்டுத்தான அன்னைக்கு உக்காந்தான்?"

ஆமாம், கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தார். கழற்றிய பனியனை நான்தான் நாற்காலியில் போட்டேன். இருமல் வருவதற்கு வெகு காலம் முன்பே அவர் நெஞ்சுக்குள் அது வந்துவிட்டிருந்தது. அதைப் பதிவு செய்து, ஆரோக்கியம் என்று பெயர் வைத்து, ஒரு ஊர் மருத்துவர்களின் காதையே அதற்குப் பழக்கிவிட்டார்கள். அந்தச் சத்தத்தை நோயாளியின் முதுகில் கேட்டபோதெல்லாம் எத்தனை பேரை 'ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க' என்று அனுப்பினார்களோ, யாருக்குத் தெரியும்? ஹெட்ஃபோனில் கண்ணை மூடிக் கேட்டாரே, அப்போது உன் அப்பாவுக்குத் தெரிந்திருந்ததா என்றும் யோசிக்கிறேன். தெரிந்திருக்காது என்றுதான் நம்ப விரும்புகிறேன். விருப்பத்துக்கும் நம்பிக்கைக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும் என்பதால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கூட்டம் கலைந்த பிறகு பாண்டி மாமா என்னைத் தனியாக அழைத்து, "மாப்ளயோட அப்பா எப்படித் தவறினாரு?" என்று கேட்டார். உன் தாத்தா மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர், பீடியைத் தொட்டதில்லை. கடைசிக் காலத்தில் மூச்சு வாங்கியே போனார். சாக்பீஸ் தூசி என்று எல்லோரும் சொன்னோம். "சில குடும்பத்துல இது வரிசையா வரும். பயப்படாத. பையன் ஊருக்கு வந்தா ஒரு தடவ கூட்டிட்டு வா" என்றார். இதை அன்றே உனக்குப் போனில் சொல்லியிருக்கலாம். நேரில் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அந்த மத்தியானம் வந்துவிட்டது.

ஆகவே நீ சொன்னதில் பாதி சரியாக இருக்கலாம். இவ்வளவும் மனதில் இருக்கிற ஒருத்தி, மகன் தூங்கும்போது எதை வேண்டுமானாலும் கேட்பாள். என் காதை நம்பு என்று நான் கேட்கவில்லை. உன் அப்பாவின் காதையே அவருடைய ஆசை ஏமாற்றியிருக்கிறது. விசா டாக்டரின் எக்ஸ்ரேயையும் நம்பாதே, ஆரம்பத்தில் அதில் எதுவும் தெரியாது என்று மாமா சொல்கிறார். நீ போகிற ஊரில் உன்னைத் தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்கள். நல்லாத்தானே இருக்க என்று சொல்ல மட்டும் நிறையப் பேர் இருப்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களிடம் கோபப்படாதே, ஆனால் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளாதே. உன்னை நேசிக்கிறவர்களைவிட உன் பெயர் தெரியாதவர்கள் உன் உடம்பைச் சரியாகக் கேட்பார்கள். சின்ன வயதில் காய்ச்சல் வந்து அப்பா ஸ்டெதாஸ்கோப்போடு வந்தால், நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி இருப்பாய். "மூச்ச விடுறா, உன்னையத் திங்க மாட்டேன்" என்பார். நாளை காலை கூட்டத்துக்கு வா. அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார். நீ யார் மகன் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன், பாண்டி மாமாவுக்கும்கூட. கேட்டு முடித்ததும் போய்விடலாம். அதற்குமேல் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன்.

அம்மா

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நீ சொன்னதால் எழுதுகிறேன்.

காலையில் கடிதம் மேஜையில் பிரித்த நிலையில் இருந்தது. நீ குளித்து, சட்டை மாட்டி, பைக்கை எடுத்து வெளியே நிறுத்தியிருந்தாய். "வாரேன். நீ பேசாம வா" என்றாய். பைக்கிலேயே கூட்டத்துக்குப் போனோம். பழைய பதிவை அவர்கள் நீக்கிவிட்டிருந்தார்கள், புதியது இன்னும் இல்லை. அதனால் ஃபேன்கள் நின்ற பிறகு கூடத்தில் எந்தச் சத்தமும் இல்லாமல் கொஞ்ச நேரம் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நீ பின் வழியாக வந்து திரைக்குப் பின்னால் உட்கார்ந்தாய். மருத்துவர்கள் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். பாண்டி மாமாவும் கேட்டார். கடைசியில் நஸ்ரின் போனார்.

நார்மல் என்று நினைப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றார்கள். ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. பாண்டி மாமாவின் கை பாதி உயர்ந்து, நின்று, மடியில் இறங்கியது. நஸ்ரின் கையைத் தூக்கவில்லை. "ரெண்டு பக்கமும் கீழ அந்தச் சரசரப்பு இருக்கு. இருமச் சொல்லிட்டு மறுபடி கேட்டேன், போகல" என்றார். மாமா திரையை விலக்கினார். உன்னைப் பார்த்ததும் "யாத்தே" என்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த தெருவில் இருந்த ஸ்கேன் சென்டருக்கு அவரே உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் படத்தோடு கூடத்துக்குத் திரும்பி வந்தீர்கள். இரண்டு நுரையீரலின் அடி விளிம்பிலும் வலை போல மெல்லிய கோடுகள். ஆரம்பம்தான் என்றார்கள். குணமாக்க மருந்து இல்லை, மெதுவாக்க இருக்கிறது, அப்பா காலத்தில் அதுவும் இங்கே கிடைக்கவில்லை என்று நஸ்ரின் உன்னிடமே நேராகச் சொன்னார். நீ விமான நிறுவனத்துக்குப் போன் செய்து பயணத்தைத் தள்ளிவைத்தாய். எவ்வளவு நாளைக்கு என்று அவர்கள் கேட்டதற்கு, தெரியாது என்றாய்.

நான் வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தேன். மருத்துவர்கள் யாரும் கலைந்து போகவில்லை. கையைத் தூக்கியவர்கள் உன் பக்கம் வரவும் முடியாமல், போகவும் முடியாமல் நின்றார்கள். நீ அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு சட்டையைக் கழற்றி, திரை இல்லாமலேயே, அந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தாய். "போவோம்டா" என்றேன். "இருக்கட்டும்மா. இவங்க கேட்டுப் பழகட்டும்" என்றாய்.

முதலில் பாண்டி மாமா வந்தார். அவருக்குப் பின்னால் வரிசை கதவைத் தாண்டிப் படிக்கட்டு வரை நின்றது. ஒவ்வொருவரும் உன் முதுகில் குனிந்து கேட்டார்கள், சிலர் இரண்டு தடவை. நீ கேட்டவருக்கெல்லாம் நிதானமாக மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாய். கடைசி ஆள் தலையை நிமிர்த்தி, "கேக்குது" என்று சொல்லும்வரை நீ சட்டையைப் போடவில்லை.